கேசட்டில் சொன்ன சண்டைப் படம்

என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை குவைத்துக்குப் போனபோது எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். படம் பார்க்கும் வேலை.

அவர் அங்கே ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். ஒரே அறையில் எட்டுப் பேர். பாதிப் பேர் எங்கள் சித்தூர்ப் பக்கம், மீதிப் பேர் கடப்பாக்காரர்கள். எட்டுப் பேருக்கும் சினிமா பைத்தியம்.

"அங்க வீடியோ கடையில எல்லாம் இந்திப் படம்தான் மே. நம்ம படம் வந்து சேர்றதுக்குள்ள போஸ்டர் கூட கிழிஞ்சி பூடும். நீ பாத்துட்டு கேசட்டுல பேசி அனுப்பு" என்றார். எங்கள் பக்கத்தில் பெண்களை 'மே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் முறை அங்கே இருந்தபோது லீவில் அவர் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் வீட்டில் இருந்தது. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நாம் பேசுவது பதிவாகும். அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. சித்தூரில் வாடகை வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மத்தியான ஆட்டத்துக்குப் போய் வருவேன், மறுநாள் சமையல்கட்டில் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு பேசுவேன். எங்கள் பக்கத்திலிருந்து யாராவது லீவு முடிந்து குவைத்துக்குப் போகும்போது கேசட்டைக் கொடுத்தனுப்புவோம். அவர் பதில் கேசட்டும் அப்படித்தான் யார் கையிலாவது வரும்.

முதல் மூன்று கேசட்டில் கதையை மட்டும் சொன்னேன். கதாநாயகன் யார், வில்லன் யார், கடைசியில் யார் செத்தார்கள், எத்தனை பாட்டு. பதில் கேசட்டில் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கதைய போஸ்டர் பாத்தே சொல்லிடலாமே. உனக்கு எப்டி இருந்துச்சு, அத சொல்லு. புடிச்சுதா, புடிக்கலியா, ஏன் புடிக்கல."

நகரிப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து, பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்தவள் நான். குழம்பில் உப்பு போதுமா என்பதைத் தவிர வேறெதிலும் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. அடுத்த கேசட்டில் முதல் முறையாக, "இந்தப் படம் எனக்குப் புடிக்கல" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, வெளியே மாமியார் கேட்டுவிட்டாரா என்று எட்டிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. அழுகிற காட்சியில் நடிகை மை கலையாமல் அழுவதைச் சொன்னேன். ஏழைக் குடிசைக்குள் பத்துப் பேர் நின்று ஆடுகிற அளவு இடம் இருப்பதைச் சொன்னேன். அறையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், கடப்பாக்காரர்களுக்காக நடுநடுவே தெலுங்கிலும் சொன்னேன்.

இப்படி ஒரு வருஷம் போனது. பிறகு ஒரு கேசட்டில் அவர் ஒரு சண்டைப் படத்தைப் பார்க்கச் சொன்னார். இங்கிலீஷ் படம், தெலுங்கில் பேசவிட்டிருக்கிறார்கள், திருப்பதியில் ஓடுகிறது, ஊரிலிருந்து வந்த ஒருவன் சொன்னான் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வேறு எந்தப் படத்தையும் பார்ப்பேன், சண்டைப் படம் மட்டும் பார்ப்பதில்லை என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். அதற்குக் காரணம் அவருக்கே தெரியும்.

அவர் முதல் முறை குவைத்தில் இருந்தபோதுதான் ஈராக் படை உள்ளே வந்தது. அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து ஐம்பது நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தந்தி போகாது, போன் போகாது. சித்தூரில் நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. திரும்பி வருகிறவர்களின் பட்டியல் வந்திருக்கிறதா என்று கேட்கப் போவேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, "மகவாள்ளு எவரூ ராலேதா அம்மா?" ஆம்பளை யாரும் வரவில்லையா என்று. என்னைப் பெற்ற நைனா படுத்த படுக்கையாக இருந்தார். நான்தான் போனேன். மனு எல்லாம் தெலுங்கில் எழுத வேண்டும். பேசத் தெரியும், எழுதத் தெரியாது. முதல் மனுவை வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் எழுதி வாங்கினேன். இரண்டாவதை அதைப் பார்த்துக் காப்பி அடித்தேன். ஏழாவது மனுவை நானே எழுதினேன்.

ஐம்பத்தோராம் நாள் அவர் வந்தார். பம்பாயிலிருந்து ரயிலில் ரேணிகுண்டாவில் இறங்கி, பஸ் மாறி, ஒரு பை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, தாடியோடு வாசலில் நின்றார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல, அப்புறம் பிளேன்ல" என்றார். அவ்வளவுதான். யார் கேட்டாலும் அதே பதில். வற்புறுத்தினால் எழுந்து போய்விடுவார். அடுத்த ஒன்றரை வருஷம் இங்கே லாரி ஓட்டினார். குவைத்தில் சண்டை முடிந்து வேலைக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

அந்த மனிதர்தான் சண்டைப் படம் பார்க்கச் சொல்கிறார்.

நான் மாட்டேன் என்று கேசட்டில் சொல்லி அனுப்பினேன். அதற்கு வந்த பதிலில் அவர் குரல் மாறியிருந்தது. அறையில் தனியாக இருந்து பேசியது போல் இருந்தது.

"எனக்காகப் பாரு. நான் பாத்தத என்னால சொல்ல வரல. வாயத் தொறந்தா நின்னு பூடுது. அவங்க எப்டி சொல்லிருக்காங்கன்னு எனக்குத் தெரியணும். நானே பாத்தா தாங்க மாட்டேன். நீ பாத்து சொல்லு."

அதைக் கேட்ட பிறகு எப்படி மறுப்பது. பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

திருப்பதிக்கு நான் மட்டும் போனால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். ஆனால் மாமியாருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மகன் உயிரோடு திரும்பினால் முடி இறக்குவதாக அந்த ஐம்பது நாளில் வேண்டிக்கொண்டவர், மகனோடுதான் போக வேண்டும் என்று இருந்து, அவர் மறுபடி போய்விட்டதால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். நான் பேச்செடுத்ததும், "ஆமா மே, அவன் போய்க்கினும் வந்துக்கினும்தான் இருப்பான். என் வேண்டுதல நான் முடிச்சிடணும்" என்றார்.

இரண்டு பேரும் விடிகாலை பஸ்ஸில் கிளம்பினோம். மலையேறி, மொட்டை போட்டு, நான்கு மணி நேரம் வரிசையில் நின்று சாமி பார்த்து, அன்று மாலையே கீழே இறங்கி ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலை சித்தூர் பஸ்ஸுக்குப் போகாமல் நான் வேறு தெருவில் திரும்பியதும் அவர் நின்றுவிட்டார்.

"எங்க மே இட்டுக்கினு போற?"

"சினிமாவுக்கு அத்தே."

"சாமி பாத்த கையோட சினிமாவா? இன்னா பொண்ணு நீ!"

"உங்க புள்ளதான் பாக்கச் சொன்னாரு. சண்டைப் படம். அவரு இருந்த எடத்துல நடந்த மாதிரி."

மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டார். பிறகு, "டிக்கெட்டு எங்க குடுக்கறான்?" என்று கேட்டார்.

பெண்கள் வரிசையில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருமே இல்லை. உள்ளே முழுக்கக் காலேஜ் பையன்கள். குண்டு வெடிக்கும்போதெல்லாம் விசில் அடித்தார்கள். நான் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடாமல் பார்த்தேன். ஒன்றையும் விட்டுவிடக்கூடாது, ஒவ்வொன்றையும் அவருக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு சிப்பாய்கள் ஒரு ஊரைப் பிடிக்கப் போகிறார்கள். வழியில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சி ஊர் நடுவில் கொடி ஏற்றுகிறார்கள். நடுவில் ஒரு சிப்பாயின் மனைவி வருகிறாள். அவன் போட்டோவைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக நிற்கிறாள், அழுகிறாள். அவ்வளவுதான் அவளுக்கு.

வெளியே வந்து ஒரு கடையில் டீ குடித்தோம். மாமியார் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"பீரங்கி வண்டி வர்றப்ப ரோட்டோரமா ஒரே ஜனம் மூட்ட முடிச்சோட போய்க்கினு இருந்துச்சே, அது எங்க போச்சு?"

"அத காட்டல அத்தே."

"அதான் கேக்கறேன். அவ்ளோ பேரு போறாங்க. புள்ள குட்டியோட போறாங்க. அப்புறம் அவுங்கள காட்டவே இல்லியே. கொடி ஏத்துனவன காட்டிக்கினே இருக்கான்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் கண்ணெல்லாம் சிப்பாய்கள் மேல்தான் இருந்தது. சித்தூர் வரும்வரை பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கேசட்டில் பேச உட்கார்ந்தேன். மற்ற படங்களுக்கெல்லாம் ஒரு பக்கம் போதும். இதற்கு இரண்டு பக்கமும் நிறைந்தது. கதையைச் சொன்னேன். வெடிச் சத்தத்துக்கு நெஞ்சு அதிர்ந்ததைச் சொன்னேன். பையன்கள் விசில் அடித்தது பிடிக்கவில்லை என்றேன். பிறகு இப்படிச் சொன்னேன்:

"ரோட்டுல ஜனம் போறத ரெண்டு நிமிஷம் காட்டறான் மாமா. அத்தைதான் அத புடிச்சாங்க. அவங்க எங்க போனாங்கன்னு யாருக்கும் அக்கற இல்ல. அப்புறம் அந்தப் பொண்டாட்டி. போட்டோவ புடிச்சிக்கினு ஜன்னலண்ட நிக்கிறா. படம் எடுத்தவனுக்கு ஒண்ணுமே தெரியல. நான் அந்த அம்பது நாளு ஜன்னலண்டயா நின்னேன்? ஆபீஸ் ஆபீஸா போனேன். தெலுங்கு எழுதக் கத்துக்கினேன். எங்க போனாலும் ஆம்பள வரலியான்னு கேட்டாங்க. நானே வந்தேன்னு சொன்னேன். அந்தப் படத்துல வர்ற பொம்பள மாதிரி என்னால இருக்க முடியாது. மாங்கூழ் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. நான் வேலைக்குப் போப்போறேன். உங்கள கேக்கல, சொல்றேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது டேப் தீரப்போகிறது என்று தெரிந்தது. அழித்துவிட்டு வேறு மாதிரிப் பேசலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம் என்று எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினேன்.

சித்தூரைச் சுற்றி அந்தச் சில வருஷங்களில் மாங்கூழ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கூழ் வெளிநாட்டுக்கு டின் டின்னாகப் போனது. சீசன் ஆரம்பித்ததும் சேர்ந்துவிட்டேன். காலையில் கம்பெனி வண்டி வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். பெங்களூரா மாங்காய் மலைபோலக் குவிந்திருக்கும். பழுத்ததையும் அழுகியதையும் பிரிப்பது, கழுவுவது, காம்பும் தோலும் சீவுவது. முதல் வாரம் மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் கொப்பளம். மாமியார் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மொட்டத் தலையோட நானே சண்டப் படம் பாத்துட்டேன். நீ மாங்கா அறுத்தா இன்னா?" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் இருபது பெண்கள் வட்டமாக உட்காருவோம். நான் படம் சொல்கிறவள் என்று எப்படியோ பரவிவிட்டது. அந்தச் சண்டைப் படத்தையும் கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தி, அந்தப் பொண்டாட்டி பாவம் என்றாள். இன்னொருத்தி, "பாவம் இன்னா பாவம், அவளுக்கு வேற கவுனு கூட இல்ல போல, படம் முழுக்க ஒரே கவுனு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

ஆனால் குவைத்திலிருந்து பதில் இல்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. இதற்கு முன் அவ்வளவு நாள் அவர் பேசாமல் இருந்ததில்லை. கோபம் என்று புரிந்தது. மாலையில் வண்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. போவதை நிறுத்திவிட்டால் நான் கேசட்டில் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

சீசன் முடியும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடுபல்லிப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். அதே அறையில் இருந்தவர், லீவில் வந்திருக்கிறார். கையில் கேசட். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணி, நீங்க அனுப்புன கேசட்ட எல்லாரும் சேந்துதான் கேட்டோம். ஜனம் போற எடம் வந்ததும் அண்ணன் டேப்ப நிறுத்திட்டு வெளிய போய்ட்டாரு. மீதிய கேக்க மாட்டேன்னுட்டாரு. எங்களுக்கு மனசு கேக்கல. மறுநாளு அவரு டியூட்டிக்கிப் போனப்ப நாங்க கேட்டுட்டோம். மன்னிச்சிக்குங்க."

"அப்புறம்?"

"அந்தக் கடப்பாக்காரரு இருக்காரே பெரியவரு, அவரு கேட்டுட்டு அழுதாரு. எங்க வீட்டுல அப்போ இன்னா பண்ணாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையேன்னாரு. அவருதான் அண்ணன உக்கார வெச்சி முழுசா கேக்க வெச்சாரு. அண்ணன் பத்து நாளு யார்கிட்டயும் பேசல. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழம எங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு இத பேசுனாரு."

வந்தவர் போன பிறகு நானும் மாமியாரும் ரிக்கார்டரின் முன்னால் உட்கார்ந்தோம். முதலில் ஏசி ஓடும் சத்தம் மட்டும். பிறகு:

"அந்த ரோட்டுல போன ஜனம் எங்க போச்சுன்னு அம்மா கேட்டுச்சாமே. நான் அதுலதான் இருந்தேம்மா."

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். பஸ்ஸில் ஈராக் முழுக்கக் கடந்து ஜோர்டான் எல்லைக்குப் போனது. மணல்காட்டில் கூடாரங்கள். தண்ணீர் லாரி வரும்போது ஓடுவது. ரொட்டியை லாரியிலிருந்து எறிவார்கள், பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். கூட வந்த நெல்லூர்க்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. அவருக்காக இவர் விமானத்துக்கான வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க டாக்டரைத் தேடினார். டாக்டர் வந்தபோது அந்த நெல்லூர்க்காரர் உயிரோடு இல்லை. அங்கேயே மண்ணில் வைத்தார்கள். அந்த ஆளின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ரேணிகுண்டாவில் இறங்கியபோது நினைத்ததாகவும், தைரியம் இல்லாமல் சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டதாகவும் சொன்னார்.

"படத்துல இதெல்லாம் வராது மே. வந்தா யாரு பாப்பாங்க. ஆனா நீ சொன்னப்ப, எனக்குள்ள இருந்தது கதவு தொறந்த மாதிரி இருந்துச்சு."

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் என் வேலையைப் பற்றிச் சொன்னார். "நீ வேலைக்குப் போறது எனக்குப் புடிக்கல. இன்னமும் புடிக்கல. அத மறச்சி பேச மாட்டேன். ஆனா போ. நான் தடுக்க மாட்டேன்."

மாமியார் மூக்கைச் சிந்திவிட்டு, "புடிக்கலன்னா கெடக்கட்டும். நாளைக்கி வண்டி எத்தினி மணிக்கி மே?" என்றார்.

அவர் அடுத்த லீவில் வந்தபோது இரண்டு பேரும் நெல்லூருக்குப் போனோம். அந்த வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. வாசலில் கால் பின்வாங்கியவரைக் கையைப் பிடித்து நான்தான் உள்ளே அழைத்துப் போனேன். அந்த நெல்லூர்க்காரரின் மனைவி முழுக்கக் கேட்டாள். எங்கே புதைத்தார்கள், தலை எந்தத் திசையில் என்று கேட்டாள். அவர் சொன்னார். எங்களைச் சாப்பிடாமல் போகவிடவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் பதினாறு சீசன் வேலை பார்த்தேன். காய் அறுப்பதிலிருந்து கூழ் சோதிக்கும் அறைக்கு மாறி, ரிஜிஸ்டர் எழுதுகிற வேலைக்கு வந்தேன். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதினேன். நடுவில் மகள் பிறந்தாள். தெருமுனையில் எஸ்டிடி பூத் வந்த பிறகும் படம் பற்றிய பேச்சு கேசட்டில்தான், ஏனென்றால் போனில் அவசர அவசரமாகப் பேச எனக்கு வரவில்லை. அவர் நிரந்தரமாக ஊர் திரும்பியதும், "இனிமே நான் இருக்கேன் இல்ல, வேலைய விட்டுடேன்" என்று ஒரு முறை கேட்டார். மாட்டேன் என்றேன். சரி என்று போய்விட்டார்.

அவர் திரும்பிய வருஷம், திருப்பதியில் ஒரு சண்டைப் படத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் சண்டைப் படம் அதுதான். இடைவேளையில் அவர் முகம் வெளுத்திருந்தது. போய்விடலாமா என்று கேட்டேன். முழுக்கப் பார்க்கலாம் என்று சொல்லி, மறுபடி வந்து உட்கார்ந்தார். கடைசிவரை பார்த்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு நோக்கி நடந்தோம். அவர் முதலில் பேசட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"எனக்குப் புடிக்கல மாமா" என்றேன்.

"எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றார் அவர்.

சித்தூர் வரும்வரை பஸ்ஸில் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.